பேனரில் சிரிக்கும் நர்ஸ் நான்தான்

தாம்பரத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி வாசலில், விமான நிலையத்தில் டிராலியோடு சிரிக்கும் நர்ஸின் பேனர் இருக்கிறது. அது நான்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே ஓர் அறை விடலாம் போலிருக்கும்.

குரோம்பேட்டையில் ஐசியூ நர்ஸாக இருந்தேன். "ஸ்டூடண்ட் விசால போங்க சிஸ்டர், அங்க போய் நர்ஸ் வேலைக்கு மாத்திக்கலாம்" என்றார் ஏஜென்ட். நம்பி, ஏதோ ஒரு மேனேஜ்மென்ட் படிப்பில் சேர்ந்து இங்கிலாந்து போனேன்.

அந்த நாட்டில் நர்ஸாகப் பதிவு செய்யாத என்னை எந்த மருத்துவமனையும் சேர்க்கவில்லை. முதியோர் இல்லத்தில் டயப்பர் மாற்றினேன். மாணவர்களுக்கு அனுமதித்த நேரத்தைத் தாண்டி வேலை வாங்கினார் நம் ஊர்க்கார முதலாளி. எதிர்த்துக் கேட்டதற்குச் சிரித்தார். "போய்ப் புகார் பண்ணிப் பாரு. ரூலை மீறினது நீயும்தானே? முதல்ல உன்னைத்தான் ஊருக்கு அனுப்புவாங்க."

வகுப்புக்குப் போக முடியாததால் கல்லூரி நீக்கியது, விசா ரத்தானது. ஊர் திரும்பியதும் பேனரை எடுக்கச் சொன்னேன்.

"நீங்க போனது நிஜம், சிரிச்சது நிஜம். இதுல என்ன மேடம் பொய் இருக்கு?" என்றார் ஏஜென்ட்.

இப்போது லீவு நாட்களில் எதிர் டீக்கடையில் நிற்கிறேன். ஏஜென்சிக்கு வரும் நர்ஸ் பெண்களிடம், "அந்த நாட்டு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணியாச்சா? வேலை விசாவா?" என்று கேட்கிறேன்.

போன வாரம் ஒருத்தி பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க போயிட்டு வந்துட்டீங்க. நாங்க போனா மட்டும் வயிறெரியுதாக்கா?" என்றாள். பிறகு பேனர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு படியேறினாள்.