குங்குமத்துக்கு அடியில் பி-யா, எட்டா?

இன்று திருமுடிவாக்கத்தில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்காகப் போனேன். மெஷினை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஓ.எஸ்.ஸை மறுபடி போட வேண்டும். நாளைக் காலை சரக்கு போயாக வேண்டும்.

ஓனர் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே மூன்று சிடி. ஒன்றில் ‘ஒரிஜினல்’, இன்னொன்றில் ‘புது ஒரிஜினல்’, மூன்றாவதில் ‘இதுதான்’ என்று மார்க்கரில் எழுதியிருந்தது.

“இந்தக் கம்ப்யூட்டருக்கு எது அக்கா?”

“அதான் ‘இதுதான்’னு எழுதிக்கீதே சார்.”

“லைசென்ஸ் கீ?”

“கேபினட்டு சைடுல ஒட்டிக்கீது பாருங்க.”

ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பு கேபினட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க அவர்களுக்குப் பளிச்சென்று கிடைத்த ஒரே இடம் அந்த வெள்ளை ஸ்டிக்கர்தான். வருஷா வருஷம் அதிலேயே சந்தனம், குங்குமம்.

அக்காவிடம் அனுமதி வாங்கி, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். ஓர் எழுத்து மட்டும் பி-யா, எட்டா என்று பிடிபடவில்லை. இரண்டையும் போட்டு மூன்று சிடியிலும் பார்த்தேன். எல்லாமே ‘கீ தவறு’ என்றன. சிடி தப்பா, எழுத்து தப்பா, நான் தப்பா என்று தெரியவில்லை.

நண்பனிடம் கேட்கலாம் என்று சிக்னல் தேடி வாசலுக்குப் போனேன். பேசிவிட்டுத் திரும்பினால், ஸ்டிக்கர் முழுக்கப் புதுச் சந்தனம்.

“தொடச்சதாலதான் சார் தகராறு பண்ணுது. இப்ப அடிச்சுப் பாருங்க” என்றார் அக்கா.

கீயை முன்பே எழுதி வைத்துக்கொண்டேனா என்று மட்டும் யாரும் கமெண்டில் கேட்க வேண்டாம்.