மச்சாள் வீட்டு மூங்கில் தட்டி

இனி நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வற்றாப்பளை அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, அதன்மேல் அடித்துச் சத்தியம் பண்ணவும் தயாராக இருக்கிறேன். இந்த வருட வைகாசிப் பொங்கலுக்கு அங்கே போனபோதே பண்ணியிருக்கலாம். சனம் கூடிவிட்டது, மோர்ப் பந்தலிலும் வரிசை நீண்டுவிட்டது, அப்படியே விட்டுப்போயிற்று.

பேய் என்றால் நடுச்சாமம் என்று நினைப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். இது நடந்தது பட்டப்பகலில். நேரமெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு மணிக்கூடு நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதையும் கழித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கராயனில் எங்கள் வளவும் என் அண்ணன் யோகநாதனின் வளவும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். அண்ணனின் மனைவி கஜேந்தினி எனக்கு மச்சாள். போன வருடம் புது வீடு கட்டினார்கள். கட்டியதோடு விட்டிருக்கலாம். மச்சாள் அதை ‘இயற்கை வீடு’ ஆக்கினாள்.

விறாந்தையைத் தாண்டினால் பெரிய ஹோல். சுவரில் சின்னதும் பெரிதுமாக முப்பத்தொரு பனையோலைச் சுளகுகள். ஒன்றிலும் ஒரு மணி அரிசி பட்டதில்லை. தரையில் பன் என்ற புல்லால் பின்னிய பன்பாய். அதில் யாரும் இருக்கக் கூடாது. முதிரை மரத்தின் அடிக்கட்டை ஒன்று, அதற்குப் பெயர் மேசை. எதிரெதிராக இரண்டு பிரம்புக் கதிரைகள். மூலையில் ஒரு மண் ஜாடி நிறையக் காய்ந்த நாணல். அது எங்கள் வாய்க்காலில் நின்றால் புல். மச்சாள் வீட்டு ஜாடியில் நின்றால் அலங்காரம்.

வருகிறவர்கள் வாசலிலேயே நின்று போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். மீளக்குடியேறி வந்த புதிதில் எங்களிடமும் ஓலை இருந்தது. கூரையில் இருந்தது. அப்போதும் ஆட்கள் வந்து படம் பிடித்தார்கள்தான். ‘பாவம்’ என்று சொல்லிப் பிடித்தார்கள்.

எனக்கு எரிச்சலா என்று கேட்பீர்கள். இல்லை. இரவில் கொஞ்சம் நித்திரை வராது, அவ்வளவுதான்.

சித்திரை மாதக் கடைசியில் அவர்களுடைய மகள் தேனுகாவுக்குக் கொழும்பில் பிள்ளைப்பேறு. ஒரு கிழமைக்கு வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும். சாமான்களை ஒரு நாளும் கவனிக்காமல் விடக் கூடாதாம்.

“தாட்சாயினி வந்து நிண்டு பாப்பாள்,” என்றாள் மச்சாள். தாட்சாயினி அவளுடைய தங்கை. “அவளுக்குத்தான் இந்தச் சாமான்ர அருமை தெரியும்.”

“பக்கத்தில என்ர தங்கச்சி இருக்கேக்க, கிளிநொச்சியில இருந்து ஏன் ஆள்?” என்ற அண்ணன், வீட்டுத் திறப்பை என் கையில் வைத்தார். “ரஞ்சி, நீ வடிவாப் பாப்பாய் எண்டு எனக்குத் தெரியும்.”

மச்சாள் சிரித்தாள். “நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா ஏதும் பழுதாப் போச்செண்டா, எரிச்சலில செய்தவா எண்டு சனம் உங்களைத்தான் சொல்லும் மச்சாள். அதுக்குத்தான் யோசிக்கிறன்.”

அந்த நிமிடமே முடிவெடுத்தேன். அந்த வீட்டில் ஒரு நார்கூடப் பிரியக் கூடாது. பிரிந்தால் அவள் சொன்னது சரியாகிவிடும். அண்ணன் என்னை நம்பியது பிழையாகிவிடும்.

போகும்போது பதினாறு விதிகள் எழுதிய தாள் ஒன்று தந்தாள். இயற்கை வீட்டுக்கான விதிகள், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. முதலாவது விதி: ஓலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது, காய்ந்த தூரிகையால்தான் தூசி தட்ட வேண்டும். பிரம்புக்கு மட்டும் கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் விசிற வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். அடிக்கட்டைக்குக் கீழே மாவு கொட்டியிருந்தால் வண்டு. பதினாறாவது விதிதான் என்னைப் பிடித்தது. ஹோலின் முகட்டில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி போட்டிருந்தார்கள். உச்சிவெயில் அதனூடாக நேரே பன்பாயில் விழும். பாயின் நிறம் போய்விடும். அதனால் பன்னிரண்டு மணிக்கு முன் கயிற்றை இழுத்து, கண்ணாடிக்குக் கீழே மூங்கில் தட்டியை விரிக்க வேண்டும். மூன்று மணிக்குத் திரும்பச் சுருட்ட வேண்டும்.

இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. உச்சிப்பொழுதுக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். அந்த நேரம் தனியே நிற்காதே என்பார்கள். மச்சாளின் விதி அந்த நேரம்தான் தனியே நிற்கச் சொன்னது.

திங்கட்கிழமை. காலை 11.52. கயிற்றை இழுத்தேன். கிர்ர்ர்ர்... தட்டி விரிந்தது. ஹோல் மங்கியது. அப்போதுதான் கவனித்தேன். எதிரெதிராக இருந்த கதிரைகளில் ஒன்று, வாசலைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பியிருந்தது. தள்ளிச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை. 11.50. அதே கதிரை. அதே திருப்பம். இந்த முறை பன்பாயிலும் ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்க, அமுங்கியிருந்த பன் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. இப்போதுதான் யாரோ எழும்பிப் போனதுபோல. எலி என்று சொல்லிக்கொண்டேன். என்னளவு எலி.

புதன்கிழமை. 11.45. தூரிகையை எடுத்துச் சுளகுகளைத் தட்டப் போனேன். முதல் இரண்டு வரிசையில் தூசி இல்லை. யாரோ தட்டியிருந்தார்கள். அதுவும் பின்னல் ஓடும் பக்கமாக, விதியில் இருந்தபடி. விளிம்பின் இடுக்குகள்கூடத் துப்புரவு. இரண்டு நாளாக நான் தட்டியும் அப்படி வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்த வீட்டில் என்னைவிட நன்றாக வேலை செய்ய இது யார்?

12.06. எனக்குப் பின்னால்...

கிரீச்.

பிரம்புக் கதிரையில் ஆள் இருந்தால் வரும் சத்தம். திரும்பினேன். ஒருவரும் இல்லை.

கிரீச்...

இருந்த ஆள் வசதியாகச் சாய்ந்தால் வரும் சத்தம்.

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்று மணிக்கு ஓடிப்போய்த் தட்டியைச் சுருட்டி, கதவைப் பூட்டிவிட்டு ஓடிவந்தேன்.

“பிரம்பு வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு ஊதும்,” என்றார் என் கணவர், சோற்றைப் பிசைந்தபடி. “நீயும் அப்பிடித்தானே. அதுக்கு ஆரும் பேய் எண்டு சொன்னதே?”

“நாளைக்கு எனக்குப் பிறசர் கிளினிக். தட்டியை நீங்கள் போய் இழுத்துவிடுங்கோ.”

“ஓம் ஓம்.”

வியாழக்கிழமை கிளிநொச்சியில் கிளினிக் முடிந்து, பஸ் பிடித்து வீடு வர 3.35. நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன். தட்டி விரிந்திருந்தது. பன்பாய் நிழலில் கிடந்தது. மனிதன் ஒரு வேலையாவது செய்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். தட்டியைச் சுருட்டிவிட்டு வந்து, அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது சொன்னேன்.

“நல்ல காலம் மறக்காமல் இழுத்துவிட்டியள்.”

“எதை?”

“தட்டியை.”

“நானெங்க போனன்?” என்றார். “திறப்பைக் கைப்பைக்குள்ள கொண்டு போனது நீ. நான் என்ன, முகட்டால இறங்குறதே?”

கைப்பையைத் திறந்து பார்த்தேன். திறப்பு அதற்குள் இருந்தது. மற்றத் திறப்பு கொழும்பில்.

அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. இந்தமுறை எரிச்சலால் அல்ல.

வெள்ளிக்கிழமை போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் பாய் வெளிறினால்? எரிச்சலில் செய்தவா என்று சொல்ல ஆள் காத்திருக்கிறாள். போனேன்.

11.47. கதவைத் திறந்தேன்.

தட்டி ஏற்கெனவே விரிந்திருந்தது.

உள்ளே இருட்டு. மூங்கில் இடுக்கால் மெல்லிய வெயில் கோடுகள்.

சரக்... சரக்... சரக்...

தூரிகைச் சத்தம். சுவர்ப் பக்கம்.

நின்றது.

கிரீச்.

ஒரு பெண் குரல். மெதுவாக. வந்தவர்களை வரவேற்கிற குரல்.

“வாங்கோ... இருங்கோ...”

எனக்குத் தெரிந்த குரல். நன்றாகத் தெரிந்த குரல். யாருடையது என்று மட்டும் பிடிபடவில்லை.

“எல்லாம் இயற்கைதான்... நானேதான் பாத்துப் பாத்து வச்சனான்...”

கதிரை என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதில் ஒருவரும் இல்லை.

ஆனால் பிரம்பு பள்ளமாக அமுங்கியிருந்தது.

பள்ளம்... மெதுவாக... நிமிர்ந்தது.

எழும்புகிறாள்.

ஓடினேன்.

பயந்தால் மனிதருக்கு விதிகள் நினைவிருக்காது. பழக்கம்தான் நினைவிருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஒரு வீட்டில் ஏதோ சரியில்லை என்றால் ஒரே மருந்து. 12.20க்கு ஒரு வாளி மஞ்சள் தண்ணீரும் வேப்பங்குழையுமாகத் திரும்பி வந்தேன். வாசலில் நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு, ஹோல் முழுக்கத் தெளித்தேன். சுவர், பாய், கதிரை, ஜாடி. வாளி முடியும்வரை தெளித்தேன். சத்தம் நின்றது. பூட்டிவிட்டு வந்து, கை கழுவும்போதுதான் முதலாவது விதி ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அண்ணனும் மச்சாளும் வந்தார்கள். ஞாயிறு காலை எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் கணவரும் போனோம்.

முப்பத்தொரு சுளகுகளுக்கும் அம்மை போட்டதுபோல மஞ்சள் புள்ளிகள். பூட்டிக் கிடந்த ஈரத்தில் பன்பாய் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தது. மச்சாள் அழவில்லை. ஒரு கிழமைக்கு முன்னமே அழுது முடித்தவள்போல அமைதியாக நின்றாள்.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றாள் அண்ணனிடம்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டார். “ஏன் ரஞ்சி?”

எல்லாவற்றையும் சொன்னேன். கதிரை, பாய், தூரிகை, குரல், மணி, நிமிடம் எல்லாம். என் கணவர் இருமினார். மச்சாள் முழுக்கக் கேட்டுவிட்டு, தன் போனை எடுத்தாள்.

“நல்லது. அப்ப பேயையும் பாப்பம்.”

கதவுக்கு மேலே ஒரு சிரட்டைக்குள் கமரா வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இயற்கை வீட்டுக்கு அதையும் இயற்கையாகத்தான் மறைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை 12.20 படத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாளியோடு ஆடுகிறேன். கணவர் சிரித்தே விட்டார்.

“இது இருக்கட்டும்,” என்றாள் மச்சாள். “வியாழக்கிழமையையும் பாருங்கோ.”

வியாழன். பகல் 12.11.

வாசற்கதவு திறக்கவில்லை. உள்ளறைப் பக்கமிருந்து ஒரு பெண் வருகிறாள். முதுகுதான் தெரிகிறது. கயிற்றை இழுக்கிறாள். தூரிகையை எடுத்து, ஆறுதலாக, ஒவ்வொரு சுளகாகத் தட்டுகிறாள். பிறகு கதிரையில் இருந்து, கால்மேல் கால் போட்டு, எதிரே உள்ள வெறுங்கதிரையோடு சிரித்துச் சிரித்துக் கதைக்கிறாள். இது தன் வீடு என்பதுபோல.

12.17க்கு நிமிர்ந்து கமராவைப் பார்த்தாள்.

நான்.

என் முகம். என் மூக்குத்தி. என் நாடியில் இருக்கும் தழும்பு.

“இது ஆர் மச்சாள்?” என்று கேட்டாள் கஜேந்தினி. “உங்கட பேய்க்கு உங்கட முகமோ?”

அண்ணன் திடீரெனத் தன் போனை எடுத்தார். எதையோ தேடினார்.

“வியாழக்கிழமை,” என்றார். “பன்னிரண்டு பதினாலு. ரஞ்சி கிளினிக்கில நிண்டு எனக்கு வீடியோ கோல் எடுத்தவள். ஆறு நிமிசம். நான்தான் பேரப்பிள்ளையைக் காட்டினனான். பின்னால சனம் நீட்டு வாங்கில வரிசையா இருந்தது. நீயும் எட்டிப் பாத்துக் கதைச்சனி.”

மச்சாளின் முகம் வெளிறியது. என் கணவரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“அது என்ர தங்கச்சி இல்லை,” என்றார் அண்ணன். என் தோளில் கை வைத்தார். “பாவம் பிள்ளை. பயத்தில தெளிச்சிருக்கிறாள்.”

வென்றுவிட்டேன். அந்த வீடு கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, மச்சாளின் முகத்தில் பெருமை என்று ஒன்றும் இல்லாமல் பார்த்தேன். பயத்துக்கு நடுவிலும் அது நன்றாக இருந்தது.

அவள் படத்தை நிறுத்தினாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முகத்தை அல்ல. அதற்குக் கீழே.

“இது என்ர கத்தரிப்பூ நிறப் பட்டுச்சீலை,” என்றாள். “மகள்ர கலியாணத்துக்கு எடுத்தது.”

எழும்பி அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. உடுப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டும் சத்தமும் கேட்டது. பிறகு வெறுங்கையோடு அறை வாசலில் வந்து நின்று, என்னை மட்டும் பார்த்தாள்.

அந்தச் சேலை எங்கள் வீட்டு அலுமாரியில், பழைய படுக்கை விரிப்புக்குக் கீழே இருந்தது. செவ்வாய்க்கிழமை நான்தான் எடுத்துப் போயிருந்தேன். ஒருமுறை உடுத்திப் பார்க்கத்தான். அதன் சட்டை எனக்கு இறுக்கம், ஒரு கொக்கியும் பூட்ட வரவில்லை.

படத்தில் இருந்தவளுக்கு அளவாக இருந்தது.