அரக்கும் காப்பியும்

குமாரபாளையத்தில் ஒரு லுங்கி மொத்த வியாபாரக் கட்டடம். மூன்று மாடி, எல்லாம் பழைய டியூப்லைட். முதல் மாடியில் மட்டும் எல்.இ.டி. மாட்டிப் பார்த்திருந்தார்கள். மற்ற மாடிகளிலும் மாற்றலாமா என்று ஆய்வு செய்து சொல்வது என் வேலை.

அந்த மாடியில் மேசை மேசையாக வெளிச்ச மீட்டரை வைத்து அளந்தேன். வெளிச்சம் முன்பைவிட அதிகம், மின்சாரச் செலவு பாதிக்கும் கீழே. தாராளமாக மாற்றலாம் என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டேன்.

கிளம்பும்போதுதான் அதே மாடியில் ஓர் அம்மாவைக் கவனித்தேன். லுங்கிகளை நிறம் பிரித்து அடுக்குபவர். இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"ஏங்க்கா, தலைக்கு மேலேயே இவ்வளவு வெளிச்சம் இருக்கே?"

"வெளிச்சம் இருக்குதுங்க சார். நெறந்தான் இல்லீங்க."

இரண்டு லுங்கிகளை மேசையில் விரித்தார். "இது ரெண்டும் ஒண்ணுங்களா, வேறயிங்களா?"

"ஒன்றுதான்."

ஜன்னலருகே கூட்டிப்போனார். ஒன்று அரக்குச் சிவப்பு, மற்றது காப்பிப்பொடி நிறம். நம்ப முடியாமல் மேசைக்கும் ஜன்னலுக்கும் நானும் நான்கு முறை நடந்தேன். அவர் சிரித்தார். "போன வாரம் ரெண்டும் கலந்து போயி, ஒரு கட்டு திரும்பி வந்துருச்சுங்க."

அந்த விளக்கின் ஒளியில் சிவப்பு குறைவு. என் மீட்டர் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும், அதில் என்ன நிறம் விடுபட்டிருக்கிறது என்று சொல்லாது. படித்ததுதான், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

முதலாளியிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். "இப்பத்தானுங்க நல்லாருக்குதுன்னு சொன்னீங்க?" என்றார். கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அடுத்த வாரம் மூன்று வகை எல்.இ.டி. விளக்குகளோடு போனேன். எது எதுவென்று சொல்லாமல் மேசைக்கு மேல் ஒவ்வொன்றாக மாட்டினேன். முதல் இரண்டுக்கும் அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதன் கீழே பதினைந்து லுங்கிகளை மளமளவென்று பிரித்துப் போட்டார். ஜன்னலில் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

"இதையே போட்டுருங்க" என்றார் முதலாளி. நிறம் பிரிக்கும் மேசைகளுக்கு அது. படிக்கட்டுக்கும் குடோனுக்கும் சாதாரண எல்.இ.டி.யே போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

சேலத்தில் என் வீட்டுக்குத் திரும்பியதும் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் காலை என் துணிகளையெல்லாம் மொட்டைமாடி வெயிலில் விரித்துப் பார்த்தேன். கறுப்பு என்று இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த பேண்ட், கருநீலம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வாங்கும்போதே அது நீலந்தாங்க" என்றாள்.