அக்காவிடம் கேட்காமல் வாங்கிய தையல் மிஷின்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வீடு தேடி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். இந்த நினைவுக் குறிப்பை எழுத வேண்டியவள் அக்காவின் மகள். "எழுத உக்காந்தா அழுகதான் வருது மாமா, நீங்களே எழுதிருங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தெரிந்தது திருவேங்கடத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவது மட்டும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது வாசுதேவநல்லூரில். எங்கள் அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு. அவர் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவுடன் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். என்னை மட்டும் நிறுத்தவிடவில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் அத்தானைக் கைப்பிடித்த பிறகும், நான் ஐடிஐ முடிக்கும்வரை சாப்பிட்டது அக்கா வீட்டுச் சோறுதான். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். அந்தக் குணம்தான் கடைசியில் என்னை இப்படி நிறுத்திவிட்டது.

சில வருடங்களுக்கு முன் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, வலது பக்கத்தை அகற்றினார்கள். இதை ஒளிக்காமல் எழுதச் சொன்னது அவர் மகள்தான். உடம்பு தேறியது. ஆனால் பழைய ஜாக்கெட் எதுவும் பொருந்தவில்லை. தெருவில் தைக்கிற பெண்ணிடம் போய் அளவு கொடுக்க அக்காவுக்குக் கூச்சம். தானே தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது, அதுவரை பொத்தான் தைத்ததோடு சரி. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்ததும் போன் செய்தார்.

"ஏலே, சீரு செய்யணும்னு நிக்கியே, ஒரு தையல் மிஷின் வாங்கிருதியா? நான் இப்பதான் படிக்கப் போறேன், அதனால சின்னதா..."

"எக்கா, நீ சும்மா இரு. நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பிறந்த வீட்டுச் சீரை என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குவதில்லை. வந்ததைக் குறை சொல்வதும் இல்லை. நானோ மோட்டார்க்காரன். காலால் மிதிக்கிற மிஷினைக் கொண்டுபோய் இறக்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ரெடிமேட் கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷினையே வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மேளத்தோடு கொண்டுபோனேன்.

பிறகு போகும்போதெல்லாம் "மிஷின் எப்படி ஓடுது?" என்று கேட்பேன். "ஓடவா செய்யுது, பறக்குல்லா" என்பார் அக்கா. நானும் பெருமையாகக் காபியைக் குடித்துவிட்டு வருவேன்.

நோய் திரும்பி வந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் சொன்னாள்.

"மொத நாளே ஊசி அம்மா வெரல்ல ஏறிட்டு மாமா. லேசா அழுத்துனாலே துணிய இழுத்துட்டு ஓடும். பெறவு அம்மா அதத் தொடவே இல்ல. மாமாட்ட சொல்லிராதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

இரண்டு வருடமாக அக்கா தொளதொளத்த ஜாக்கெட்டோடு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்து காபி குடித்தவனுக்கு அது கண்ணில் படவில்லை.

மறுநாளே அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு, பவர் மிஷின் வாங்கிய அதே கடைக்கு ஓடிப்போய், காலால் மிதிக்கிற மிஷின் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒங்க அக்கா அப்பவே ரெண்டு தரம் வந்து இத மிதிச்சுப் பாத்தாவ அண்ணாச்சி. நான் நிறுத்துனா நிக்கு, இதான் எனக்குச் சரின்னாவ. நீங்க பவர் மிஷின் கேக்கவும், வேற யாருக்கோன்னு நெனச்சேன்."

அன்றே வீட்டில் இறக்கினோம். அக்காவைப் பிடித்து உட்காரவைத்தோம். மகள் சக்கரத்தைத் தள்ளிவிட, அக்கா மிதித்தார். மெல்ல ஓடியது. ஆனால் வலது கை வீங்கிக் கிடந்தது, துணியைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்தேன்.

"ஏலே, கோணுது. நீ இழுக்காத, அதுவாப் போவும்" என்று சிரித்தார்.

நாலு விரல் நீளம் தைத்திருப்போம். அவருக்கு மூச்சு வாங்கியது. "மிச்சத்த நாளைக்குப் போடுவோம்" என்றார். மறுநாள் படுத்தவர் எழவில்லை. எரிந்துபோன எத்தனையோ மோட்டாரை ஓடவைத்திருக்கிறேன். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றதுதான் என்னால் முடிந்தது. அந்தத் துணியை மகள் இன்னும் மிஷினிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய சிவகிரி சித்தப்பா மகன், தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அம்மா, முகம் கோணாமல் மருந்து கட்டிய நர்ஸ், தறியை நிறுத்திவிட்டு வந்து அத்தானோடு நின்ற கூட்டாளிகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றியோடு முடிக்கத்தான் சொன்னார்கள். இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா போன அன்று அவர் மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுக்கப் போனதும் நான்தான். ஜவுளிக்கடையில் சேலைகளை விரித்துப் போட்டு, "என்ன கலர் அண்ணாச்சி?" என்றார்கள். அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவையாவது கேட்டு வாங்குவோம் என்று செல்போனை எடுத்து அக்கா நம்பரை அழுத்திவிட்டேன்.

மகள் எடுத்தாள். "சொல்லுங்க மாமா" என்றாள்.