பதினொரு முறை தோற்ற வாக்கெடுப்பு

அயர்லாந்தின் மேயோ கடற்கரையில் இழவு விழுந்த வீடெல்லாம் ஒனோரா லவெலையே ஒப்பாரிக்கு அழைக்கும். முப்பதாண்டில் அவள் பாடி அனுப்பாத பிணம் ஒன்றே ஒன்று: அவளுடைய கணவன் ஃபெஸ்டஸ்.

குத்தகைக் குடிகளை வெளியேற்ற நிலக்கிழாரின் ஆட்கள் வந்த காலையில், ஃபெஸ்டஸ் கதவை அடைத்துக்கொண்டு கொதிக்கும் கஞ்சியைச் சன்னல் வழியே வீசினான். இருவர் முகம் வெந்து அலறினர். அந்த ஆட்களில் ஒருவனான ரூபன் ஸ்ட்ரிட்ச் சுவரை இடித்துப் புகுந்து கடப்பாரையால் அவன் தலையில் அடித்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தான். மூன்றாம் அடியில் மண்டை பிளந்தது. ஒனோரா கணவனை மடியில் கிடத்தி ஒப்பாரிக்கு வாய் திறந்தாள். ஸ்ட்ரிட்சின் காலணி அவள் முன்பற்களை உடைத்தது. பின்பு கூரைக்குத் தீ வைத்தார்கள்.

கொலையுண்டவனுக்குக் கொன்றவன் பெயரைச் சபையறியச் சொல்வதே அம்மண்ணின் ஒப்பாரி. அது இல்லாமலே ஃபெஸ்டஸ் மண்ணுக்குள் போனான். சுவர் சரிந்து செத்தான் என்று விசாரணை அதிகாரி எழுதி முடித்தார்.

ஈராண்டு கழித்து, குத்தகைச் சட்டத்தை ஆராய இலண்டன் நாடாளுமன்றம் ஒரு குழுவை அமைத்தது. பதினைந்து பேரில் அயர்லாந்துக்காரர் இருவரே: மேயோவின் உறுப்பினர் கார்மக் டெவன், நிலக்கிழாரான சர் ஹியூ பெர்சிவல். டெவன் ஒனோராவைச் சாட்சியாக அழைத்தார். ஸ்ட்ரிட்சைத் தூக்கிலிடும் மன்றம் என்றே நம்பி ஊர் அவளை வழியனுப்பியது. டெவன் கப்பலிலேயே உண்மையை உடைத்தார்.

"தூக்கும் இல்ல, ஜெயிலும் இல்ல அக்கா. நீங்க சொல்றத எழுதி அச்சடிப்பாங்க, அவ்வளவுதான்."

"அச்சடிச்சா அழியாதுல்ல? அது போதும்."

குழுவில், வெளியேற்றத்துக்கு முன் ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று மட்டுமே டெவன் கேட்டார். அவள் வீடு வீடாக எண்ணிவந்தாள். தன் வீட்டை எட்டியதும் கண்ணை மூடினாள், குரல் எழுந்தது. பதினொரு வரிகள். ஒவ்வொரு வரியும் ஸ்ட்ரிட்சின் பெயரில் முடிந்தது. குழுத் தலைவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். சர் ஹியூ தம்மையறியாமல் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

இதெல்லாம் விசாரணைக்கு வெளியே, பதிவிலிருந்து நீக்குக என்றார் தலைவர்.

"நீக்கலாம் தலைவரே," என்றார் டெவன். "ஆனா எந்த வார்த்தையை நீக்கறோம்னு தீர்மானத்துல முழுசா எழுதணும். நடவடிக்கைக் குறிப்புல அதுவும் அச்சாகும். நான் வரிக்கு வரி வாக்கெடுப்பு கேக்கறேன்."

முதல் வரி: நீக்கப் பதின்மூன்று, கூடாதென இரண்டு. இரண்டாவது கை சர் ஹியூவுடையது.

"நீங்களுமா ஹியூ?" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "நாளைக்கு உங்க குடியானவன் உங்க தலையிலயும் கஞ்சிய ஊத்துவான், பாத்துக்கங்க."

சர் ஹியூ பதினொரு முறையும் கையைத் தூக்கினார். பதினொரு முறையும் இருவரும் தோற்றனர். பதினொரு முறையும் அப்பெயர் அச்சேறியது.

குறிப்பு அச்சான புத்தகம் மேயோவுக்கு வந்த வாரமே ஸ்ட்ரிட்ச் ஒனோராவின் குடிசைக் கதவை உதைத்துத் திறந்தான். விலா எலும்பு முறிய மிதித்தான். புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தான். தாள் சுருண்டு கருகுவதை ஒனோரா தரையில் கிடந்தவாறே பார்த்தாள். வாயில் ஊறிய குருதியை அவன் காலடியில் துப்பினாள்.

"ஆயிரம் பிரதி போட்டிருக்காங்கடா," என்றாள். "போ, ஒண்ணொண்ணா தேடிக் கொளுத்து."