கொடி நடாத முனை

கீர்த்தனா பயந்த சுபாவம். பல்லி விழுந்தால் மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள். இவள் தெருவுக்கே ஓடிவிடுவாள். திருப்போரூர்ப் பக்கம் நெல் விளைத்த குடும்பத்தில் பிறந்து, பரீட்சை எழுதி ரயில்வேயில் உதவியாளராகச் சேர்ந்தவள். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு சரக்கு யார்டில் வேலை. ஃபிட்டர் தீனதயாளன் வேகனுக்கு அடியில் படுத்துப் பிரேக் கட்டை மாற்றுவார். இவள் சாமான் எடுத்துக் கொடுப்பாள். அதற்கு முன்னால் ரேக்கின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி நட வேண்டியது இவள் பொறுப்பு. கொடியைப் பார்த்தால் எஞ்சின் கிட்டே வராது.

ரேக் என்றால் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் வண்டித் தொடர். பயிற்சித் தேர்வில் இதற்குத் தனிக் கேள்வியே வந்தது. வட இங்கிலாந்துச் சுரங்கங்களில் நிலக்கரி வண்டிகளை வரிசையாகக் கோத்து இழுத்தார்களாம். வரிசைக்கு அங்கே வழங்கிய பேச்சுச் சொல்தான் ரயிலோடு நம் ஊர் வரை வந்தது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

அன்று நல்ல வைகாசி வெயில். நாற்பத்திரண்டு வேகன். இந்த முனையில் கொடி நட்டாயிற்று. அந்த முனை வளைவுக்கு அப்பால், சீமைக்கருவேலப் புதருக்குள். போன வாரம்தான் அங்கே கண்ணாடி விரியன் ஒன்றைப் பார்த்திருந்தார்கள். பாதி தூரம் போனவள், புதரில் ஏதோ சரசரத்ததும் திரும்பிவிட்டாள்.

“அந்தாண்ட கொடி நட்டியா?” என்றார் தீனதயாளன்.

“நட்டுட்டேன் அண்ணாத்த.”

நாக்கு முந்திக்கொண்டது. அவர் மூன்றாவது வேகனுக்கு அடியில் புகுந்தார். நாம் இருப்பது இந்தப் பக்கம், எவன் அந்தப் பக்கம் வரப்போகிறான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். தூரத்தில் டணங்கென்று ஓர் இரும்புச் சத்தம். அடுத்து இன்னொன்று. வேகனுக்கு வேகன் இடித்துக்கொண்டு சத்தம் அவளை நோக்கி ஓடி வந்தது. அந்த முனையில் எஞ்சின் கோக்கிறார்கள்! நாற்பத்திரண்டும் ஒரே வண்டி; அங்கே தள்ளினால் இங்கே ஆள் நசுங்குவான்.

“அண்ணாத்த! வெளிய வா! வண்டி நவுருது!”

கத்திக்கொண்டே, நீட்டியிருந்த அவர் காலைப் பிடித்து இழுத்தாள். அவர் புரண்டு வெளியே விழுந்தார். அவர் இடுப்பு கிடந்த தண்டவாளத்தின்மேல் சக்கரம் ஒரு முழம் உருண்டு நின்றது.

“கொடிய எவனோ புடுங்கிட்டான் போல. நீ இல்லாங்காட்டி நான் காலி, தங்கச்சி,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் தீனதயாளன். அவள் கையை உருவிக்கொண்டு, சிதறிக் கிடந்த சாமான்களைப் பொறுக்கினாள்.

சாயங்காலம் அவர் மனைவி வசந்தா கீர்த்தனாவின் வீட்டுக்கே தேடி வந்துவிட்டாள். தாம்பாளத்தில் பூ, பழம், ஒரு ரவிக்கைத் துணி.

“என் தாலிய காப்பாத்துன மவராசி நீ,” என்று குங்குமம் வைக்க விரலை நீட்டினாள்.

கீர்த்தனா முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். பாம்புக்கும் எஞ்சினுக்கும் பயந்ததைவிட அந்த விரலுக்குத்தான் அதிகம் பயந்தாள்.

“அக்கா… நான் கொடி நடவே இல்ல. அவுருகிட்ட பொய் சொன்னேன்.”

விரல் அப்படியே நின்றது. வசந்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

“அவுருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நீயே வந்து சொல்லு.” வசந்தா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். “நாளைக்கு உன்ன நம்பி வண்டிக்கு அடியில பூர்றதா வேணாவான்னு அந்த மன்சன்தான் முடிவு பண்ணணும். செருப்பப் போடு, கெளம்பு.”