எண்ணெய் குடித்த மேகசின்

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஓடாது, கைதான் ஓடும். யாரையும் அடிக்கிற கை இல்லை. எதையாவது கழற்றிப் பார்க்கிற கை. தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு அந்தக் குணம் சோறு போடுகிறது. மெஷினுக்குள் தாள் சிக்கி, வாசலில் ஆதார் கார்டும் பத்திரமுமாக ஆட்கள் நிற்கும்போது மெஷினைத் திட்டி ஒன்றும் ஆகாது. மூடியைத் திறந்து, ட்ரேயை உருவி, எங்கே பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரைபிள் கிளப்பில் வைத்து, "ஒனக்குக் கை பத்தலம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குற்றாலம் போகிற வழியில் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. எதிரே ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேடு. பூட்டு போட்ட அறையில் இரண்டு ஏர் ரைபிள், பாயின்ட் டூ டூ ரைபிள் ஒன்று. உறுப்பினர் விண்ணப்பத்தை நகலெடுக்க என் கடைக்கு வந்த ஒருவரிடம், "பொம்பளையளையும் சேப்பியளா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். சேர்ப்பார்களாம். நாற்பது வயதில் நானும் சேர்ந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "போய்த்தான் பாரேன், ஒரு மாசத்துல அலுத்துரும்" என்றார். அலுக்கவில்லை.

முதலில் ஏர் ரைபிள்தான் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து பாயின்ட் டூ டூ கைக்கு வந்தது. அதன் தோட்டா சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. பின்பக்க விளிம்பில் அடி விழுந்தால் வெடிக்கும். தோட்டாக்களை அடைத்து வைக்கிற மேகசின் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, ஐந்து பிடிக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு தகடு. ரைபிளின் பக்கவாட்டில் கைப்பிடியோடு இருக்கிற போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும்போதெல்லாம் அந்தத் தகடு அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷினில் தாள் ட்ரேயும் இதே போலத்தான். முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஆடியில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. ரோட்டில் ஈரத் துண்டும் எண்ணெய் வழிகிற தலையுமாக அருவிக்கு வந்த கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். கொட்டகையில் எங்களுக்கு மூன்றாவது தோட்டா சிக்க ஆரம்பித்தது. இரண்டு வரைக்கும் ஒழுங்காக வரும். மூன்றாவதுக்குத் தகடு பாதி வழியில் நின்றுகொள்ளும். போல்ட் தோட்டாவைப் பிடிக்காமல் வெறுமனே முன்னால் போகும், இல்லாவிட்டால் தோட்டாவின் மூக்கைக் கடித்து நிற்கும். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இது நடந்தது. ஆனால் ஆண்களுக்குச் சிக்கினால், "சாரல் அடிக்கில்லா, ஈரம் எறங்கிருக்கும்" என்றார்கள். எனக்குச் சிக்கினால் அது என் கை.

கிளப்பின் சாவி அண்ணாச்சியிடம் இருக்கும். ஓய்வு பெற்றவர், துப்பாக்கிகளைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்பவர். கெட்ட மனது கிடையாது. அவர்தான் சொன்னார்: "ஏம்மா, போல்ட்ட முழுசா பின்னால இழுக்கணும். நீ பாதியில விட்டுருத. பொம்பளைக் கையில்லா, அவ்வளவுதான் வரும்."

"முழுசாத்தான் இழுக்கேன் அண்ணாச்சி."

"அப்பம் ஏன் சிக்குது?"

திருநெல்வேலியில் நடக்கப்போகிற போட்டிக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு நானும், செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியும். அடுத்த ஞாயிறு தேர்வு. மேகசினில் ஐந்து தோட்டா, ஒரு நிமிடம், சிக்கிய தோட்டாவுக்கு மார்க் இல்லை. அண்ணாச்சி கடைசியாக ஒன்று சொன்னார்: "இதுலயும் சிக்கிச்சுன்னா நீ பேசாம ஏர் ரைபிளுக்கே போயிரும்மா. அதுல மேகசின் தொந்தரவு கிடையாது." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. வீட்டுக்கு வந்து மிக்ஸியைக் கழற்றித் துடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் தலை வாருவதற்காக எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. சாரல் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. எங்கள் ஊரில் இது புதிதல்ல, இந்த மாதத்தில் அடுப்புப் பக்கம்தான் பாட்டில் நிற்கும். பாட்டிலைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று மூக்கில் ஒரு ஞாபகம் வந்தது. மேகசினில் தோட்டா அடைத்த பிறகு என் விரலில் ஒரு வாடை இருக்கும். துப்பாக்கி வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது காறிப்போன தேங்காய் எண்ணெய். மேகசினுக்குள்ளும் அது இப்படி உறைந்துதான் தகட்டைப் பிடித்திருக்க வேண்டும்.

அப்போதே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, மேகசினுக்கு என்ன எண்ணெ விடுதிய?"

"ஏன், நம்ம வீட்டு எண்ணெதான். செக்குல ஆட்டுனது. கடையில விக்கிற எண்ணெயெல்லாம் நான் தொடுகதே இல்ல." குரலில் பெருமை. "சாரக் காலமில்லா, துரு ஏறிரக் கூடாதுன்னு வாரத்துக்கு ரெண்டு தடவ விடுதேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் யாரைக் குற்றம் சொல்ல? கதவு கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய், பூட்டு திறக்காவிட்டாலும் தேங்காய் எண்ணெய், உடம்பு வலித்தால் அதைத் தேய்த்துக்கொண்டு போய் அருவியில் நிற்பது. துப்பாக்கியை மட்டும் எப்படிச் சும்மா விடுவார்?

மேகசினைக் கழற்றிச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டேன். அவர் ஒப்பவில்லை. ஸ்பிரிங் தெறித்துத் தொலைந்தால் வேறு வாங்க முடியாது, பழைய மாடல், ரைபிளே முடங்கிவிடும் என்றார். நியாயமான பயம்தான். ஆனால் நான் விடவில்லை. மறுநாளும் போன் செய்தேன், அதற்கு மறுநாள் அவர் வீட்டு வாசலுக்கே போய் நின்றேன். "ஸ்பிரிங்கு போச்சுன்னா நான் கிளப்பையே விட்டுப் போயிருதேன் அண்ணாச்சி" என்றதும்தான் இறங்கி வந்தார். சனிக்கிழமை மதியம் சாவியோடு வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டுப் போனேன். பழைய டூத் பிரஷ், வெள்ளைத் துணி, காது குடையும் பஞ்சுக் குச்சி, ஒரு சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், ஜவுளிக்கடைக்காரன் சட்டை போட்டுக் கொடுக்கிற கண்ணாடி மாதிரி பாலிதீன் பை ஒன்று. தோட்டாப் பெட்டி வேறு அலமாரியில் பூட்டியிருந்தது. இருந்தாலும் மேகசினை உருவியதும் போல்ட்டைத் திறந்து, உள்ளே கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தேன். காலி. அண்ணாச்சியும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர் முகம்.

தகட்டைப் பென்சில் முனையால் அழுத்தினேன். இறங்கியது. பென்சிலை எடுத்ததும் துள்ளி வர வேண்டியது, தூக்கத்திலிருந்து எழுப்பிய ஆள் மாதிரி மெல்ல மெல்ல ஏறி, பாதியில் நின்றது. "பாத்தியளா?" என்றேன். அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

மேகசினை எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மேகசினின் அடியை மூடுகிற அடித்தகட்டில் ஒரு துளை, அதற்குள் ஒரு சின்னக் குமிழ். மேகசினைப் பாலிதீன் பைக்குள் வைத்து, கையையும் உள்ளே விட்டேன். ஜெராக்ஸ் மெஷினில் ஸ்பிரிங் உள்ள பாகத்தை இப்படித்தான் கழற்றுவேன். எவ்வளவு தெறித்தாலும் பையைத் தாண்டாது. நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் குமிழை அழுத்திக்கொண்டு அடித்தகட்டை நகர்த்தினேன். அது வரவில்லை. விரல் வழுக்கியது. இன்னொரு தடவை. நாலாவதோ ஐந்தாவதோ தடவையில் நகர்ந்தது. கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தும் ஸ்பிரிங் விரலைத் தாண்டித் துள்ளிப் பைக்குள் போய் அடித்தது. அண்ணாச்சி "அய்யோ" என்று எழுந்துவிட்டார். பையைத் தூக்கிக் காட்டினேன். உட்கார்ந்தார்.

உள்ளே இருந்ததைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. தோட்டாவின் தலையில் மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகு, ஈயத் தூள், வெடித்த கரி, மண், எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து மஞ்சளும் கறுப்புமாகப் பிசின் ஆக்கியிருந்தது. ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றிலும் அது ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேய்த்தேன். பெட்டியின் உள்மூலைகளைப் பஞ்சுக் குச்சியால் வழித்தேன். குச்சிகள் கறுப்பாக வந்துகொண்டே இருந்தன. மேல் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு மெல்லிய உதடுகளை மட்டும் அழுத்தாமல் துடைத்தேன். அவை வளைந்தால் அப்புறம் எந்தச் சுத்தமும் உதவாது. பிறகு எல்லாவற்றையும் துணியில் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே பரப்பிக் காயவிட்டேன். சாரல் காலத்தில் எதுதான் சீக்கிரம் காயும்? முக்கால்வாசி மதியம் அதிலேயே போனது.

திரும்பச் சேர்த்து மாட்டியபோது தகடு முன்பக்கமாகக் கீழே சாய்ந்துகொண்டது. படத்தைப் பார்த்தேன். ஸ்பிரிங்கைத் தலைகீழாக விட்டிருக்கிறேன். அண்ணாச்சி கொட்டாவி விட்டபடி, "போதும்மா, அப்படியே இருக்கட்டுமே" என்றார். எப்படி இருக்கட்டும்? மறுபடி பை, மறுபடி கிளிப். இந்த முறை பென்சிலால் அழுத்தி விட்டதும் தகடு டக்கென்று மேலே வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே பத்துப் பதினைந்து தடவை அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கொட்டகையில் எல்லோரும் வந்திருந்தார்கள். மேசைமேல் மேகசின் இருந்தது. பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார், கையில் எண்ணெய்க் குப்பி, மூடி திறந்திருந்தது.

"அண்ணாச்சி, விடாதிய!"

நான் கத்திய சத்தத்தில் செல்போன் கடைத் தம்பி போட்டிருந்த காதடைப்பைக் கழற்றிவிட்டான். அண்ணாச்சி முகம் சுருங்கிப்போனது.

"காஞ்சு கெடக்கும்மா. ஒரே ஒரு சொட்டு. சாரல பாத்தியா, எப்படி அடிக்கின்னு. இரும்பு வீணாப் போயிரும்."

எனக்கு அவரைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. அவர் எண்ணெய் விடுவது வேலையாக அல்ல, பாசமாக. அதை வேண்டாம் என்றால் அவரையே வேண்டாம் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் அன்றைக்கு அந்த ஒரு சொட்டில் என் இடம் இருந்தது.

"உள்ள வேண்டாம் அண்ணாச்சி. உள்ள காஞ்சேதான் இருக்கணும். வெளிய வேணும்னா துணியில தொட்டுத் தடவுங்க. அதுக்கு நல்லதுதான்."

அண்ணாச்சி துண்டு முனையில் இத்தனூண்டு தொட்டு, பெட்டியின் வெளிப்பக்கத்தை நிதானமாகத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

முதலில் என் முறை. பாயில் படுத்து, தோட்டாக்களை அடைத்தேன். அடியில் இருக்கிற தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் மேலே வைக்கிற தோட்டாவின் விளிம்பு உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்தேன். முதல் தோட்டா நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. போல்ட்டைப் பின்னால் இழுத்தேன், முழுசாக, எப்போதும் இழுக்கிற மாதிரியே. முன்னால் தள்ளினேன். மூன்றாவது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுட்டேன். பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்து, கேட்டியளா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே நாலாவது தோட்டாவை ஏற்றி, மூச்சைக்கூட அடக்காமல் விசையை இழுத்துவிட்டேன். இழுத்த நொடியே குறி தவறியது தெரிந்துவிட்டது. ஐந்தாவதை நிதானித்துச் சுட்டேன்.

அடுத்து அந்தத் தம்பி படுத்தான். அவனுக்கும் ஐந்தும் தடங்கலில்லாமல் ஏறின. எழுந்து வந்து, "யக்கா, மேகசின் வெண்ணெ மாதிரி போவுது" என்றான். அவன் சுட்ட குறித்தாள் என் தாளைவிட நன்றாக இருந்தது. நாலாவது இடம் அவனுக்குத்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

அண்ணாச்சி என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலு துளை நடுவில் நெருக்கமாக, ஒன்று மட்டும் எங்கோ ஓரத்தில். அதைச் சுட்டிக்காட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாரக் காத்து தள்ளிருச்சு போல."

இத்தனை நாளில் எனக்கு ஒரு தடவையும் தராத சமாதானம். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"காத்தும் இல்ல, மேகசினும் இல்ல அண்ணாச்சி. நாந்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்."

அவர் தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அப்பம் திருத்திரலாம். அடுத்த ஞாயித்துக்கெழம வெள்ளன வந்துரு. பாயின்ட் டூ டூவ ஒனக்கு எடுத்து வைக்கேன்."